பழைய ஹைலக்ஸைத் தூக்க முதல் பிறேக் ஹோஸை ஒருக்காப் பாருங்கோ

இப்ப யாழ்ப்பாணத்தில பழைய ஃபோர் வீல் பிக்கப்புகளுக்கு நல்ல மவுசு. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினவை, 2025இல திரும்பத் திறக்கும் வரைக்கும் புதுசு வரத்து இல்ல, அதால எண்பதுகளில தொண்ணூறுகளில வந்த ஹைலக்ஸ், மிற்சுபிஷி ஜீப், லாண்ட் றோவர் எல்லாம் வளவு மூலையில பூவரசுக்குக் கீழ கிடந்த இடத்தில இருந்து எழும்பி, ரிங்கரிங் செய்து பெயின்ற் அடிச்சு ஓடத் தொடங்கீட்டுது. ஓடத் தொடங்கினா அடுத்தது அதைத் தூக்கிற, அதாவது ஸ்பிறிங் மாத்தியோ கட்டை வைச்சோ உயரத்தைக் கூட்டுற ஆசைதான். பிழையான ஆசை எண்டு சொல்ல மாட்டன். மணற்காடு, நாகர்கோவில், சுண்டிக்குளம் பக்கம் போறவைக்கும், மாரிக்கு ஒழுங்கை முழுக்க வெள்ளம் நிக்கிற இடத்தில இருக்கிறவைக்கும் ரெண்டு இஞ்சி உயரம் உண்மையாவே உதவும். ஆனா தூக்கிறதைப் பற்றிக் கதைக்கிற எல்லாரும் ஸ்பிறிங் எவ்வளவு, ரயர் எத்தினை இஞ்சி, ஷொக் என்ன பிராண்ட் எண்டுதான் கதைக்கினம், பிறேக் ஹோஸ் காணுமோ எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல. அதைப் பற்றித்தான் எழுதுறன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

பெடலை மிதிக்க பிறேக் ஒயிலைத் தள்ளுற மாஸ்ரர் சிலிண்டரில இருந்து சசி (வாகனத்தின்ர அடிச்சட்டம்) வழியாப் போறது இரும்புப் பைப். அக்சிலில ஓடுறதும் இரும்புப் பைப். சசி ஒரு இடத்தில நிக்குது, அக்சில் மேல கீழ ஆடுது, ரெண்டுக்கும் நடுவில தொங்கிற றப்பர் ஹோஸ்தான் அந்த ஆட்டம் எல்லாத்தையும் தாங்குது. பின்னுக்கு அனேகமா நடுவில ஒண்டு, முன்னுக்கு இடம் வலம் ஒவ்வொண்டு. அந்த வாகனத்தின்ர ஸ்பிறிங்கும் ஷொக்கும் விடுற தூரத்துக்கு அளந்து, அதுக்கு மேல கொஞ்சம் மிச்சம் விட்டுத்தான் கொம்பனி அந்த ஹோஸைச் செய்திருக்கு. நாங்கள் தூக்கிற ரெண்டு மூண்டு இஞ்சி முதல்ல தின்னுறது அந்த மிச்சத்தைத்தான்.

தெரிஞ்ச அண்ணை ஒராள் மருதங்கேணிப் பக்கத்தில இருந்து தன்ர எல்.என்.106 ஹைலக்ஸைக் கொண்டு வந்தவர், மீன் பெட்டியும் ஐஸும் ஏத்துற வாகனம். எங்கையோ ஒரு கராச்சில பின்னுக்கு அக்சிலுக்கும் ஸ்பிறிங்குக்கும் நடுவில மூண்டு இஞ்சிக் கட்டை வைச்சு, நீளமான ஷொக்கும் பூட்டிக் குடுத்திருக்கினம். "தம்பி, பிறேக் பிடிக்குது, ஆனா முந்தின மாதிரி இல்ல, பாரம் ஏத்தினா இன்னும் மோசம்" எண்டார். நிலத்தில நிக்கேக்க குனிஞ்சு பாத்தா ஹோஸில ஒரு குறையும் தெரியேல்ல, கொஞ்சம் வளைவு கூட இருந்தது. பிறகு சசியில ஜக் வைச்சுத் தூக்கி அக்சிலைத் தொங்க விட்டா, ஷொக் முழுக்க நீள முதலே ஹோஸ் தம்புரா நரம்பு மாதிரி இறுகி நிண்டுது. அதாவது பள்ளத்தில சில்லு விழுற நேரமெல்லாம் அக்சிலின்ர பாரத்தைப் பிடிச்சது ஷொக் இல்ல, பிறேக் ஹோஸ். இரும்பு நுனிக்குள்ள றப்பர் போற இடத்தைத் துணியால துடைச்சுப் பாத்தன். சுத்திவர மெல்லிய வெடிப்பு, வெடிப்புக்குள்ள உள் நூல் வெள்ளையாத் தெரியுது, அந்த இடத்தில மட்டும் புழுதி ஈரமா ஒட்டிப்போய்க் கிடக்கு. சசிப் பக்கத்துத் தகடும் கீழ மடிஞ்சிருந்தது. இன்னும் ஒரு நல்ல கிடங்கு கிடைச்சிருந்தா அது அறுந்திருக்கும்.

ஹைலக்ஸில முன் லைனும் பின் லைனும் வேற வேற, ஒண்டு அறுந்தாலும் மற்றது கொஞ்சமாவது பிடிக்கும். பழைய லாண்ட் றோவர் சீரிஸ் 2 போல வாகனங்களில முழுக்க ஒரே லைன். எந்த ஹோஸ் அறுந்தாலும் பெடல் அடியில போய் முட்டும், நாலு சில்லிலயும் பிறேக் இல்ல. அந்த வாகனம் வைச்சிருக்கிற ஆக்கள் இதை இன்னும் கவனமா வாசியுங்கோ.

இனி, எல்லாத் தூக்கலுக்கும் ஹோஸ் மாத்த வேணுமோ எண்டா, இல்ல. எப்பிடித் தூக்கிறீங்கள் எண்டதில இருக்கு. நிக்கிற உயரத்தை விட, சில்லு தொங்கேக்க எவ்வளவு கீழ போகும் எண்டதுதான் ஹோஸுக்கு முக்கியம். பின்னுக்குக் கட்டை வைச்சா, ஸ்பிறிங் எவ்வளவு விரியுமோ அதுக்கு மேல கட்டையின்ர தடிப்பும் சேந்து அக்சில் இறங்கும், ஷொக்கும் நீளமெண்டா அவ்வளவும் ஹோஸுக்கு வரும். முன் அக்சிலுக்குக் கட்டை வைக்கிற கதையே வேண்டாம், ஸ்ரியரிங்கும் பிறேக் இழுவையும் சேந்து வாற இடம் அது. வளைவு கூடின புது ஸ்பிறிங்கும் நீளமான ஷொக்கும் போட்டாலும் இறக்கம் கூடும். ஸ்பிறிங் நுனியைச் சசியோட பிடிக்கிற ஷக்கிளை நீட்டினா நீட்டினதில அரைவாசிதான் உயரமா வரும், ரெண்டு இஞ்சி நீட்டினா ஒரு இஞ்சி. முன்னுக்கு ஸ்பிறிங்குக்குப் பதிலா முறுகிற கம்பி, அதாவது ரோர்ஷன் பார் இருக்கிற வாகனங்களில பாரை முறுக்கித் தூக்கினா நிக்கிற உயரம் மட்டும்தான் கூடும், சில்லைப் பிடிக்கிற கை (ஆர்ம்) போய் முட்டுற ஸ்ரொப்பர் அதே இடத்தில இருக்கிறபடியால் சில்லு முந்தி இறங்கின அளவுதான் இப்பவும் இறங்கும், ஆனபடியால் முன் ஹோஸ் நல்ல நிலையில இருந்தா அப்பிடியே விடலாம். பொடி லிஃப்ட் எண்டு பொடிக்கும் சசிக்கும் நடுவில குத்தி வைச்சுத் தூக்கிறவையும் இருக்கினம், அதில அக்சில் ஹோஸுக்கு ஒரு மாற்றமும் இல்ல, ஆனா மாஸ்ரர் சிலிண்டர் பொடியோட மேல போகும், அதில இருந்து சசிக்கு இறங்கிற இரும்புப் பைப் இழுபடும். இதைப் பாக்காமல் பொடியை ஜக் அடிச்சா பைப் நட்டடியில நெளிஞ்சு போகும், வெளியில இருந்து பாத்தா தெரியவும் மாட்டுது.

அளக்கிறது இப்பிடித்தான். ஸ்பிறிங், ஷொக் எல்லாம் பூட்டி முடிஞ்ச பிறகு, பழைய ஹோஸை அக்சில் பக்கம் கழட்டி வாயை அடைச்சு விட்டுட்டு, சசியில தாங்கு குடுத்து அக்சிலை முழுக்கத் தொங்க விடுங்கோ. தாங்கு எண்டா நல்ல ஜக் ஸ்ராண்ட். புளொக் கல்லு அடுக்கிறதும் பனங்குத்தி வைக்கிறதும் வேண்டாம், புளொக் கல்லு சத்தமில்லாமல் நொறுங்கும், நீங்கள் அதுக்குக் கீழதான் படுத்திருப்பீங்கள். தொங்க விட்ட பிறகு சசித் தகட்டில இருந்து அக்சில் பிடி வரைக்கும், ஹோஸ் போக வேண்டிய வழியில ஒரு மெல்லிய வயரைப் பிடிச்சு அளவுங்கோ. ஒரு பக்கச் சில்லை மட்டும் ஜக்கால மேல தள்ளி மற்றப் பக்கத்தைத் தொங்க விட்டும் பாருங்கோ, கிடங்கில வாகனம் நிக்கிறது அப்பிடித்தான். முன்னுக்கு எண்டா ஸ்ரியரிங்கை இடப்பக்கம் முழுக்க, வலப்பக்கம் முழுக்க வெட்டிப் பாக்கோணும். வாற அளவுகளில கூடினதை எடுத்து, இறுகாமல் இருக்க ஒரு இஞ்சி ஒண்டரை இஞ்சி சேருங்கோ, அதுக்கு மேல வேண்டாம். கனக்க நீளமாப் போட்டா சில்லு மேல போகேக்க ஹோஸ் வயிறு தள்ளி ரயரில, இல்லாட்டி சைலன்சரில போய்த் தேயும். நேர் அக்சில் வாகனங்களில அக்சிலில இருந்து கலிப்பருக்குப் போற சின்ன ஹோஸும் இருந்தா அதுக்கு லிஃப்டால ஒண்டும் இல்ல, அது ஸ்ரியரிங்கோட மட்டும்தான் ஆடும். பழசெண்டா மட்டும் மாத்துங்கோ.

அளவு தெரிஞ்சா ரெண்டு வழி இருக்கு. ஒண்டு சசித் தகட்டைக் கீழ இறக்கிறது. ரெண்டு இஞ்சிக்கு உள்ள தூக்கினவைக்கு இது காணும், மூண்டு மில்லிமீற்றர் தகட்டில ஒரு துண்டு வெட்டி வளைச்சு, பழைய தகட்டின்ர ஓட்டையில போல்ட் போட்டு இறக்கலாம், வெல்டிங் தேவையில்ல. ஆனா அந்தத் தகட்டுக்கு வாற இரும்புப் பைப்பும் சேந்து கீழ வரோணும். பைப்பில மிச்சம் இருந்தா பெண்டரால மெதுவா வளைச்சு எடுக்கலாம், மிச்சம் இல்லாட்டி புதுப் பைப் அடிக்கிறதுதான் ஒழுங்கு. பழைய பைப்பைக் கையால இழுத்து வளைக்கிறவையைக் கண்டிருக்கிறன், இஞ்ச எங்கட உப்புக் காத்துக்கு முப்பது வருஷப் பைப் வெளியில பெயின்ற் மாதிரித் தெரிஞ்சாலும் கிளிப்புக்குக் கீழ இத்துப் போயிருக்கும். பண்ணைப் பாலத்தால, காரைநகர்ப் பாலத்தால, புங்குடுதீவுப் பக்கத்தால தினமும் ஓடுற வாகனம் எண்டா கிளிப் ஒவ்வொண்டையும் கழட்டிப் பாருங்கோ.

மற்ற வழி நீளமான ஹோஸ். என்னைக் கேட்டா மூண்டு இஞ்சிக்கு இதுதான் சரி. ரொயோட்டாவில பைப் நட்டு பத்து மில்லிமீற்றர், பிச் (புரி இடைவெளி) ஒரு மில்லிமீற்றர், பைப் 4.75 மில்லிமீற்றர், வாய் டபிள் ஃபிளேயர், அதாவது விரிச்சு உள்ளுக்கு மடிச்சது. ஐரோப்பிய வாகனங்களில வாய் வேற மாதிரி உருண்டு இருக்கும், பழைய லாண்ட் றோவரில புரியே இஞ்சிக் கணக்கு. ரெண்டு புரி மறையில கொஞ்சம் ஏறிச்சு எண்டதுக்காக அது பொருந்தும் எண்டில்ல, ஆனபடியால் பழைய ஹோஸைக் கையோட கொண்டு போங்கோ. ரவுணில கிடைக்காட்டி கொழும்பில பார்ட்ஸ் கடைகள் நிறைஞ்ச பஞ்சிகாவத்தையில தேடினா வேற வாகனத்தின்ர நீளமான ஹோஸ் ஒண்டு அனேகமாப் பொருந்தி வரும். வாங்கேக்க ஹோஸில அடிச்சிருக்கிற எழுத்தையும் திகதியையும் வாசியுங்கோ, கடையில பத்து வருஷம் தொங்கின றப்பர் உங்களுக்குப் புதுசில்ல. நல்ல ஹோஸில நீளத்துக்கு எதிரெதிர்ப் பக்கமா ரெண்டு கோடு ஓடும். அது அலங்காரத்துக்கு இல்ல, பூட்டி இறுக்கின பிறகு அந்தக் கோடு சுத்திக்கொண்டு போனா ஹோஸ் முறுகீட்டுது எண்டு அர்த்தம், திரும்பக் கழட்டிப் பூட்டுங்கோ.

ஸ்ரீல் பின்னின ஹோஸ் கேக்கிற பெடியள் கனபேர். பெடல் கொஞ்சம் இறுக்கமா வரும், உண்மை. ஆனா மணலில ஓடுறவை மேல பிளாஸ்ரிக் உறை இருக்கிறதைத்தான் எடுக்கோணும். உறை இல்லாட்டி மணற்காட்டு மணல் கம்பி இடுக்கில போய் உள்ளுக்கிருக்கிற குழாயை அராவும், வெளியில ஒண்டும் தெரியாது. இன்னொண்டு, ஹைட்ரோலிக் பைப் அடிக்கிற கடையில ஜே.சி.பி.க்கு அடிக்கிற பைப்பிலயே பிறேக் லைன் அடிச்சுத் தாறன் எண்டு சொல்லுவினம், அழுத்தம் தாங்கும் எண்டும் சொல்லுவினம். அழுத்தம் தாங்கும்தான், ஆனா அதின்ர உள் றப்பர் மினரல் ஒயிலுக்குச் செய்தது, பிறேக் ஒயில் வேற சாதி, நாளடைவில உள்ளுக்கு உரிஞ்சு அடைக்கும். ரெண்டு பழைய ஹோஸை நடுவில யூனியன் போட்டு இணைக்கிறதும் வேண்டவே வேண்டாம், அந்த மூட்டு ஒரு பிடியும் இல்லாமல் காத்தில ஆடி ஆடி ஒரு நாள் களரும்.

அண்ணையின்ர முறைப்பாட்டுக்கு வாறன். ஹோஸ் அறுக்க இருந்தது வேற, பிறேக் குறைஞ்சதுக்குக் காரணம் வேற. பின் டிரம்மைக் கழட்டினா ஷூ புதுசு மாதிரி, முன் பாட் முடிஞ்சு போச்சு. இதைக் கண்ட உடன லோட் சென்சிங் வால்வைப் பாருங்கோ. ஹைலக்ஸ் போல பிக்கப்புகளில பின் அக்சிலுக்குக் கிட்ட சசியில ஒரு வால்வ் இருக்கும், அதில இருந்து ஒரு நீளக் கம்பி அக்சிலுக்கு வரும். பாரம் ஏத்தினா சசி இறங்கும், கம்பி வால்வைத் தள்ளும், பின் பிறேக்குக்குக் கூட அழுத்தம் போகும். வெறுமையா இருந்தா சசி மேல, பின்னுக்கு அழுத்தம் குறைவு, அதால பின் சில்லு லொக் ஆகாது, வாகனமும் சுழலாது. நல்ல யோசனை. ஆனா அந்த வால்வுக்குத் தெரிஞ்சது சசிக்கும் அக்சிலுக்கும் இடையில இருக்கிற தூரம் மட்டும்தான். நீங்கள் மூண்டு இஞ்சி தூக்கினா அது, வாகனத்தில ஒண்டுமே இல்ல எண்டு நினைச்சுப் பின் பிறேக்கைக் குறைச்சுப் போடும். ஐஸும் மீனும் நிறைய ஏத்தினாலும் அதுக்கு அது வெறும் வாகனம்தான். பாரம் முழுக்கப் பின்னுக்கு, பிறேக் முழுக்க முன்னுக்கு.

இதுக்கு வைத்தியம் சின்னன். அக்சில் பக்கம் கம்பி பிடிக்கிற தகட்டை, தூக்கின அதே உயரத்துக்கு மேல எடுங்கோ. மூண்டு இஞ்சி தூக்கினா மூண்டு இஞ்சித் தகடு. கம்பியின்ர கோணம் முந்தி இருந்த மாதிரியே வந்திடும். அண்ணையின்ர வாகனத்துக்கு இந்தத் தகடும் நீளமான ஹோஸும் பூட்டின பிறகு பாரத்தோட ஒருக்கா ஓடிப் பாத்திட்டு, இதுதான் தன்ர பழைய வாகனம் எண்டார். சில ஆக்கள் கம்பியை மேல இழுத்து வயரால கட்டி விடுவினம், அப்ப எந்த நேரமும் பின்னுக்கு முழு அழுத்தம் போகும், வெறும் வாகனத்தோட மழை ரோட்டில மிதிச்சா பின்பக்கம் முன்னுக்கு வந்திடும். வால்வையே கழட்டி எறிஞ்சு போட்டு வெறும் "T" மூட்டுப் போடுறவையும் இருக்கினம். சில ரொயோட்டா வால்வில முன் லைன் போனா பின்னுக்கு முழு அழுத்தத்தையும் விடுற வழியும் உள்ளுக்கு இருக்கு, கழட்டினா அதையும் சேத்துத்தான் எறியிறீங்கள்.

பூட்டேக்க கவனிக்க வேண்டியது கொஞ்சம். பைப் நட்டை ஒப்பின் ஸ்பனரால திருகாதேங்கோ, மூலை மழுங்கும், ஃபிளேயர் நட் ஸ்பனர் ஒண்டு வாங்கி வையுங்கோ. முதல் நாளே துருக் களட்டுற ஒயில் அடிச்சு ஊற விடுங்கோ. நட்டோட பைப்பும் சேந்து சுத்தினா நிப்பாட்டுங்கோ. ஒயில் உள்ளால போற ஓட்டைப் போல்ட், அதாவது பான்ஜோ போல்டுக்குப் புதுச் செப்பு வொஷர். பிறகு மண்ணெண்ணெய் விஷயம். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக் காலத்தில மோட்டச்சைக்கிளில இருந்து மொறிஸ் மைனர் வரைக்கும் மண்ணெண்ணெயில ஓடின ஊர் இது, எந்தப் பார்ட்ஸையும் மண்ணெண்ணெயில கழுவுற பழக்கம் கராச்சுகளில இன்னும் இருக்கு. எஞ்சினுக்குச் சரி. பிறேக்குக்குள்ள போற ஒண்டிலயும் மண்ணெண்ணெய், பெற்றோல், டீசல் படக் கூடாது, சிலிண்டர் றப்பர் ஊதிப்போகும். பிறேக் கிளீனர், இல்லாட்டி புது பிறேக் ஒயில்.

லைனுக்குள்ள நிக்கிற காத்தை எடுக்கிறது மாஸ்ரர் சிலிண்டருக்குத் தூரத்தில இருக்கிற சில்லில இருந்து, எங்கட வலக்கை ஓட்ட வாகனங்களில அனேகமா பின் இடப்பக்கம். லோட் சென்சிங் வால்விலயும் காத்து எடுக்கிற ஒரு நிப்பிள் இருக்கும், அதை மறக்கினம். மற்றது, பின்னுக்குக் காத்து எடுக்கேக்க அக்சிலைத் தொங்க விட்டபடி எடுக்காதேங்கோ, வால்வ் மூடின மாதிரி நிக்கும், ஒயில் ஒழுங்கா வராது. ஸ்ராண்டை அக்சிலுக்குக் கீழ வைச்சுப் பாரத்தை இறக்கிப் போட்டு எடுங்கோ. ஒயில் கொம்பனி சொன்ன டொட் 3 அல்லது டொட் 4, சீல் உடைக்காத போத்தல். புது டொட் 3 205 பாகையில கொதிக்கும், ஈரம் குடிச்சா 140க்கு இறங்கலாம், எங்கட ஊர்க் காத்தில திறந்து வைச்ச போத்தலை ஆரும் ஊத்தாதேங்கோ.

முடிஞ்ச பிறகு ஒராள் பெடலை நல்லா அழுத்திப் பிடிக்க, மற்றாள் ஒவ்வொரு மூட்டையும் காஞ்ச ரிஷ்யூவால துடைச்சுப் பாக்கோணும். இரவு கீழ ஒரு பேப்பர் விரிச்சு விடுங்கோ. ஆள் நடமாட்டம் இல்லாத மக்கி ரோட்டில 30 கிலோமீற்றர் வேகத்தில வெறும் வாகனத்தோட இறுக்கி மிதிச்சா முன் சில்லுதான் முதல்ல லொக் ஆகோணும், பின் சில்லு முந்தினா வால்வ் கம்பி இன்னும் சரியில்ல. அதோட பெரிய ரயர் போட்டவைக்கு ஒரு கணக்கு. 235/75 ஆர் 15 ரயர் கிட்டத்தட்ட 29 இஞ்சி உயரம், அதுக்குப் பதிலா 31 இஞ்சி போட்டா அதே மிதிக்கு ரோட்டில கிடைக்கிற பிறேக் 7 வீதம் அளவில குறையும். ரயர் பாரம் வேற கூட. ஆனபடியால் ஹோஸ் மாத்தேக்கயே பாட், ஷூ, டிரம் எல்லாத்தையும் சேத்துப் பாருங்கோ, ஒருக்காத் திறந்ததை ரெண்டு தரம் திறக்கத் தேவையில்ல.

ஹாண்ட் பிறேக் கேபிளும் டிஃப் பிறீதர் (அக்சில் பெட்டி மூச்சு விடுற) குழாயும் இதே கணக்குத்தான், தொங்க விட்டுப் பாக்கேக்க அதுகளையும் பாத்து விடுங்கோ. கராச்சுக்குக் குடுக்கிற ஆக்கள் எண்டா குடுக்க முதல் ரெண்டு கேள்வி கேளுங்கோ: அக்சிலைத் தொங்க விட்டு ஹோஸ் அளப்பீங்களோ, பின் வால்வுக்கு என்ன செய்வீங்கள். ரெண்டாவது கேள்விக்கு "எந்த வால்வ்?" எண்டு மறுமொழி வந்தா வாகனத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு வாங்கோ.